செல்ப் சுற்றியும் டிராக்டர் ஸ்டார்ட் ஆகவில்லையா?

வடகிழக்குப் பருவத்தின் முதல் நல்ல மழை பெய்த பின் உழவுக்குப் பதமான நாட்கள் அதிகம் கிடைப்பதில்லை. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்களில் மலையடிவாரத் தோப்புகளை விட்டுக் கிழக்கே போனால் கரிசல் மண். ஈரம் மிகுந்திருந்தால் டயர் இறங்கும். ஈரம் போய்விட்டால் பாளம் பாளமாகப் பெயரும். அந்த இடைப்பட்ட பதத்தில்தான், கோடை முழுவதும் கொட்டகையில் நின்ற டிராக்டர் காலை வாரும். சாவியைத் திருப்பினால் செல்ப் சுற்றுகிறது. எஞ்சின் மட்டும் பிடிப்பதில்லை. டவுன் மெக்கானிக்குக்கும் அந்த வாரத்தில்தான் வேலை குவியும். அவர் வரும் வரை இரண்டு நாள் காத்திருப்பதற்குள் விதைப்பே தள்ளிப் போகலாம். ஆனால் இந்தக் கோளாறுகளில் பெரும்பாலானவற்றை விவசாயியே ஸ்பானரும் ஒரு கண்ணாடிப் பாட்டிலும் கொண்டு கொட்டகையிலேயே கண்டறியலாம்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி தரும் பிளக் கிடையாது. ஜெர்மனியில் ருடால்ப் டீசல் 1897-ல் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய நாள் முதல் அதன் தத்துவம் ஒன்றே. சிலிண்டருக்குள் இழுத்த காற்று ஏறத்தாழ 16 முதல் 18-ல் ஒரு பங்காக நெருக்கப்படுகிறது. அந்த நெருக்கத்தில் காற்று 500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடேறுகிறது. அதில் டீசலைப் புகைபோல் தெளித்ததும் தானே பற்றிக் கொள்கிறது. ஆகவே எஞ்சின் பிடிக்கக் காற்று வேண்டும், டீசல் வேண்டும், போதிய வேகத்தில் சுற்றவும் வேண்டும். செல்ப் சுறுசுறுப்பாகச் சுற்றுகிறது என்றால் பாட்டரியின் மேல் பழி போடுவதில் பயனில்லை. இருந்தும் பலரும் முதலில் பாட்டரியைத்தான் கழற்றுகிறார்கள்.

அதைவிடக் கெடுதலான பழக்கம், பிடிக்கும் வரை சாவியை விடாமல் சுற்றுவது. ஒரு தடவைக்கு 10 விநாடிக்கு மேல் செல்ப் போடக் கூடாது. இடையில் ஒரு நிமிடமாவது ஓய்வு கொடுக்க வேண்டும். தவறினால் பாட்டரி இறங்கி, செல்ப் மோட்டாரும் சூடேறிக் கருகும். ஒரு வாஷரோடு போகவேண்டிய செலவு மோட்டார் காயில் கட்டும் செலவாகி விடும்.

செல்ப் போடும்போது வேறொருவரை நிறுத்திச் சைலன்சர் வாயைப் பார்க்கச் சொல்வது நல்லது. புகையே வரவில்லை என்றால் டீசல் சிலிண்டருக்குப் போகவில்லை. வெண்புகை வந்தால் டீசல் போகிறது, ஆனால் எரியவில்லை. கரும்புகை வந்தால் காற்று போதவில்லை. ஏர் கிளீனரில் தூசி அடைத்திருக்கலாம். அடுத்து எங்கே கை வைப்பது என்பதை இந்தச் சோதனை சொல்லிவிடும். இதற்குக் காலணாச் செலவு இல்லை.

புகை இல்லாத டிராக்டரில் முதலில் பார்க்க வேண்டியது, எஞ்சினை நிறுத்த இழுக்கும் ஸ்டாப் கேபிள். இழுத்த பின் துருப்பிடித்து உள்ளே திரும்பாமல் நின்றிருக்கும். டாஷ்போர்டில் உள்ள குமிழ் உள்ளே போனாலும், டீசல் பம்பின் மேலுள்ள நெம்பு திரும்பியிருக்காது. நெம்பையே நேரில் பார்க்க வேண்டும். கேபிளுக்குப் பதில் சாவியிலேயே நிறுத்தும் மாடல்களில், சாவியை ஆன் செய்ததும் பம்பின் பக்கம் 'டிக்' என்ற ஓசை கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பியூசையும் ஒயரையும் பார்க்கவும். சாம்பல் நிற அணிலுக்குச் சரணாலயம் உள்ள ஊர்தான் ஸ்ரீவில்லிபுத்தூர். ஆனால் கொட்டகையில் ஒயரைக் கடிப்பது எலி. அடுத்தது டீசல் டேங்க். மீட்டரை நம்பாமல் மூடியைத் திறந்து பார்ப்பது நலம். திறக்கும்போது 'புஸ்' என்று காற்று உள்ளே போனால் மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டி வயலின் நடுவில் நின்று, அரை மணி கழித்துத் தானே ஸ்டார்ட் ஆவதற்கு இதுவே காரணமாக இருப்பதுண்டு.

இவையெல்லாம் சரியாக இருந்தால் டீசல் குழாயில் காற்று புகுந்திருக்கிறது என்று கொள்ளலாம். டேங்க் வற்றும் வரை ஓட்டியிருந்தாலோ, பில்டர் மாற்றியிருந்தாலோ சந்தேகமே வேண்டாம். காற்று நெருங்கும், டீசல் நெருங்காது. பம்பு எவ்வளவு அழுத்தினாலும் குழாயில் உள்ள காற்றுக் குமிழி சுருங்கி விரியுமே தவிர நாசில் திறக்காது.

காற்றை எடுக்கும் முன் டேங்கில் பாதிக்கு மேல் டீசல் ஊற்றி, கியரை நியூட்ரலில் வைத்து, பிரேக்கைப் பூட்ட வேண்டும். முதல் பில்டரின் தலையில் உள்ள சிறிய திருகைச் சுற்றிலும் துணியால் துடைத்துவிட்டு இரண்டு மூன்று சுற்று தளர்த்தவும். பீடு பம்பின் கை நெம்பை அடிக்க அடிக்க, திருகின் ஓரத்தில் நுரையும் டீசலுமாக வரும். நுரை நின்று சுத்தமான டீசல் வந்ததும், அடிப்பதை நிறுத்தாமலே திருகை இறுக்க வேண்டும். பின் இரண்டாவது பில்டர், அதன் பின் டீசல் பம்பில் உள்ள திருகு. இந்த வரிசை மாறக் கூடாது. நெம்பு பிடிப்பில்லாமல் தொளதொளவென்று ஆடினால் பம்பு கெட்டுவிட்டதாக நினைக்க வேண்டியதில்லை; உள்ளே கேம் ஏறி நிற்கிறது. செல்பை ஒரு நொடி தட்டி எஞ்சினைச் சற்றே நகர்த்தினால் நெம்பு வேலை செய்யும். மறுநாளே மீண்டும் காற்று பிடித்தால், டேங்கிலிருந்து பீடு பம்பு வரையுள்ள குழாயையும் வாஷர்களையும் பார்க்க வேண்டும். வண்டி நிற்கும்போது ஈரம் கசியும் இடமே, ஓடும்போது காற்றை உள்ளே இழுக்கும் இடம்.

இதற்கும் பிடிக்காவிட்டால் நாசிலின் மேலுள்ள குழாய் நட்டுகளைச் சிறிது தளர்த்தி, ஆக்சிலேட்டரை முழுதும் வைத்துச் செல்ப் போட்டால் அங்கும் காற்று வெளியேறும். ஆனால் இந்த வேலையில் கையை அருகே கொண்டு போகக் கூடாது. நாசில் அழுத்தத்தில் பாயும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஊசி குத்தியது போலத்தான் தெரியும். வலிகூட முதலில் இராது. ஆயினும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் விரலை இழக்க நேரிடும். 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் புதிய புகை விதி வந்தபின், காமன் ரெயில் முறையில் கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டோடு பல வண்டிகள் வருகின்றன. அவற்றின் அழுத்தம் பல மடங்கு அதிகம். அந்த வண்டிகளில் நாசில் நட்டைத் தொடவே கூடாது.

மழைக் காலத்தில் டீசலோடு தண்ணீர் கலந்து வரும். பில்டரின் அடித் திருகைத் திறந்து ஒரு டம்ளர் அளவு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வைத்தால் தண்ணீர் அடியில் தங்கும், கண்ணாலேயே காணலாம். பேரலை வெட்டவெளியில் நிமிர்த்தி வைப்பவர்களுக்கு இது தவறாமல் வரும். மூடியின் மேல் தேங்கிய மழைநீரைப் பேரல் குளிரும்போது உள்ளே இழுத்துக் கொள்ளும். பேரலைக் கூரையின் கீழ் வைத்து, அடியிலுள்ள நாலு விரற்கடை டீசலை எடுக்காமல் விட வேண்டும். மாலையில் வேலை முடிந்ததுமே டேங்கை நிரப்பி வைத்தால், இரவில் வெற்றிடத்தில் ஈரம் வியர்க்காது.

வெண்புகை வரும் வண்டியில், செல்ப் மந்தமாகச் சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். மெதுவாகச் சுற்றினால் காற்றின் சூடு சிலிண்டர் சுவரில் போய்விடும். செல்ப் போடும் நேரத்தில் பாட்டரியில் 10 வோல்ட்டுக்குக் கீழ் இறங்கினால் பாட்டரி பலவீனம் என்று கொள்ளலாம். டெர்மினலில் பூத்த உப்பை வெந்நீரில் கரைத்த ஆப்பச் சோடாவால் கழுவி, இறுக்கி, வாசலின் தடவவும். கழற்றும்போது எர்த் ஒயரை முதலிலும், மாட்டும்போது அதைக் கடைசியிலும் கையாள வேண்டும். வேகமாகச் சுற்றியும் வெண்புகை மட்டும் வருமானால் கோளாறு வால்வு, ரிங் அல்லது டைமிங்கில் இருக்கும். அது மெக்கானிக்கின் வேலை. ஈதர் அடிப்பது, பெட்ரோல் நனைத்த துணியை ஏர் கிளீனரில் வைப்பது போன்ற வைத்தியங்கள் பிஸ்டனை உடைத்ததுண்டு, ஆளைச் சுட்டதும் உண்டு.

பெட்ரோல் காரில் கதை சற்று வேறு. அங்கே தீப்பொறியும் வேண்டும். சாவியை ஆன் செய்ததும் பின் சீட்டின் அடியில் பெட்ரோல் பம்பு இரண்டு விநாடி முனகுகிறதா என்றும், டாஷ்போர்டில் சாவி போன்ற விளக்கு மின்னுகிறதா என்றும் பார்க்கவும். பம்பு ஓசை இல்லையென்றால் பியூஸ் அல்லது ரிலே. விளக்கு மின்னினால் வண்டி சாவியை அடையாளம் காணவில்லை, மற்றொரு சாவியைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

மெக்கானிக்கை அழைத்தே ஆகவேண்டும் என்றால், 'வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை' என்று மட்டும் போனில் சொல்வது போதாது. செல்ப் வேகமாகச் சுற்றுகிறதா, புகை என்ன நிறம், கடைசியாக ஓடியது எப்போது, பில்டர் மாற்றியது எப்போது, காற்று எடுத்துப் பார்த்தாயிற்றா, பாட்டிலில் தண்ணீர் நின்றதா ஆகியவற்றைச் சொன்னால், டவுனிலிருந்து புறப்படும்போதே தேவையான பில்டரையும் வாஷரையும் கையோடு எடுத்து வருவார்.