ஈயம் வரையும் கோடு

அன்புள்ள யாழினிக்கு,

யார்க்கில் ஒருநாள் வண்ணக் கண்ணாடிப் பட்டறைக்குப் பணம் கட்டிவிட்டதாக எழுதியிருந்தாய். சந்தோஷம். நீ வரைந்து அனுப்பிய கிளியும் அழகுதான். ஆனால் அலகுக்குக் கீழே ஒரு பள்ளம் வருகிறதே, அதைப் பார்த்ததும்தான் இந்தக் கடிதம்.

கண்ணாடி வெட்டும் கட்டர் உண்மையில் கண்ணாடியை அறுப்பதில்லை. மேற்பரப்பில் ஒரு கீறல் போடுகிறது, அவ்வளவுதான். அதன் முனையிலுள்ள சின்னச் சக்கரத்தை ஒரு விளிம்பில் தொடங்கி மறு விளிம்பு வரை நிறுத்தாமல் ஓட்ட வேண்டும். கை சரியாக அழுத்தினால் 'சர்ர்' என்று ஒரே சீராகச் சத்தம் வரும். கீறலோரம் வெள்ளைத் துகள் தெறித்தால் அழுத்தம் அதிகம். சரியாக விழவில்லையோ என்ற சந்தேகத்தில் அதே கீறல்மேல் மறுபடி ஓட்டாதே. கண்ணாடியும் கெடும், சக்கரமும் கெடும். பிறகு குறட்டால் பிடித்து மெல்ல அழுத்தினால் கீறல் வழியே விரிசல் ஓடித் துண்டு பிரியும்.

விரிசலுக்கு நேராக ஓடவே பிடிக்கும். மெல்லிய வளைவுக்கு இணங்கும். உள்ளே ஆழமாகக் குழிந்தால் கீறலை விட்டுவிட்டுத் தன் வழியில் போய்விடும். குழிவை ஒரே வெட்டில் எடுக்காமல், மெல்லிய பிறைகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும். 'ட' எழுத்தின் உள்மூலை மாதிரி ஒரு மூலை கட்டரால் நடக்கவே நடக்காது.

அதனால் பள்ளம் வரும் இடத்தில் ஒரு கோட்டைக் கூடுதலாகப் போட்டு, அலகைத் தனித் துண்டாக்கிவிடு. எங்கே போடுகிறாய் என்பதில் கவனம் வேண்டும், ஏனென்றால் துண்டுகளை இணைக்கும் அந்தக் கோடு உலோகமாக நிற்கப்போகிறது. எல்லோரும் நிறத்தைத்தான் பேசுகிறோம். படம் வரைவதோ கோடு. யோசிக்காமல் போட்டால் கிளியின் கழுத்தில் தழும்பாகத் தெரியும், யோசித்துப் போட்டால் இறகின் ஓரமாகிவிடும்.

நீ இருக்கும் ஊரிலேயே இதற்குச் சான்று உண்டு. யார்க் மின்ஸ்டர் பேராலயத்தின் கிழக்குப் பெருஞ்சாளரத்தைச் செய்ய 1405-இல் கவென்ட்ரி நகரத்து ஜான் தார்ன்டனுடன் ஒப்பந்தம் போட்டார்கள். 1408-இல் முடித்தார், கூலி 56 பவுண்டு. உலகத்தின் தொடக்கமும் முடிவும் அதில் இருக்கின்றன. முந்நூறுக்கும் மேற்பட்ட பலகங்கள். பிற்காலத்தில் கண்ணாடி உடைய உடைய, பழுது பார்த்தவர்கள் விரிசல்மேல் ஈயப் பட்டை வைத்துச் சேர்த்துக்கொண்டே போனார்கள். சாளரம் பிழைத்தது; தார்ன்டன் போடாத கரிய கோடுகள் உருவங்களின் குறுக்கே ஓடின. 2018-இல் முடிந்த சீரமைப்பில் அப்படிப்பட்ட பட்டைகள் பலவற்றை எடுத்துவிட்டு, உடைந்த விளிம்புகளைப் பிசினால் ஒட்டினார்கள். பட்டறைக்குப் போகும் முன் ஒரு தரம் போய்ப் பார். மேல் வரிசைகளுக்குத் தொலைநோக்கி வேண்டும்.

தார்ன்டன் முகத்தையும் துணி மடிப்பையும் கண்ணாடிமேல் தீட்டிச் சூளையில் சுட்டார். ஒரு நாளில் உனக்கு அதெல்லாம் ஆகாது. உன் கிளிக்கு இருப்பது கோடு மட்டுமே.

தொடக்கக்காரர்களுக்குப் பெரும்பாலும் ஈயப் பட்டை தராமல் செப்பு நாடாதான் தருவார்கள். நியூயார்க்கின் டிஃபனி பட்டறை விளக்குகளால் புகழ்பெற்ற முறை அது. (அங்கே தும்பி விளக்கை வடிவமைத்தவர் கிளாரா டிரிஸ்கால் என்ற பெண். பெயர் நெடுங்காலம் முதலாளிக்கே போயிற்று!) நாடாவைத் துண்டின் விளிம்பு முழுவதும் சுற்றி, இரு பக்கமும் சமமாக மடித்துத் தேய்க்க வேண்டும். ஒரு பக்கம் அகலமாகிப் போனால் மேலே உருக்கி ஊற்றும் பற்றாசும் கோணலாகத்தான் நிற்கும். பற்றாசு உருண்டு உருண்டு திரண்டால் பற்றாசுக் கம்பியைக் குறை சொல்லாதே, அது ஒட்டுவதற்கான ஃபிளக்ஸை நாடாமேல் தடவினாயா என்று பார்.

கண்ணாடியை மேசைமேல் வைத்துத் தேர்ந்தெடுக்காதே. ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடி. மேசையில் கறுப்பாகத் தெரிந்தது அங்கே கருஞ்சிவப்பாக இருக்கும்.

பாதம் முழுவதையும் மூடும் ஷூ போட்டுக்கொள். வெட்டும்போதும் முறிக்கும்போதும் பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றாதே. பற்றாசில் ஈயம் இருக்கும், அதனால் சாப்பாட்டுப் பையை வேலை செய்யும் மேசைப் பக்கமே கொண்டுபோகாமல், சோப்பு போட்டுக் கை கழுவிய பிறகு வெளியே போய்ச் சாப்பிடு.

அன்புடன்,
சித்தி