அட்டிக்கில் காற்று போகிறதா?

கேள்வி: ஸ்கார்பரோவில் எங்கள் வீட்டுக் கூரையின் ஷிங்கிள் ஓரங்கள் சுருள்கின்றன. அட்டிக்கில் காற்றோட்டம் இல்லாததுதான் காரணமா?

பதில்: அதுவும் ஒரு காரணம். ஷிங்கிளின் வயதும், அடர்நிறம் இழுக்கும் வெயிலும் சேர்ந்திருக்கும். ஆனால் அட்டிக்கில் நான் அதிகம் அஞ்சுவது குளிர்காலத்துக்குத்தான். சமையலறை, குளியலறை ஈரக்காற்று மேலே கசிந்து, கூரை ஆணி முனைகளில் உறைபனியாகப் படியும். வெயில் ஏறியதும் உருகிச் சொட்டிப் பிளைவுட்டை ஊறவைக்கும். ஜனவரியில் டார்ச்சோடு ஏறிப் பாருங்கள். ஆணிகள் வெள்ளை பூத்தோ துருவேறியோ இருந்தால் ஈரம் சேர்கிறது என்பதில் சந்தேகமே வேண்டாம். சாஃபிட் (கூரை விளிம்பின் அடிப்பகுதி) துளைகளை இன்சுலேஷன் அடைத்திருந்தால் விலக்குங்கள். ஒன்ராறியோ விதிப்படி, சாதாரணச் சரிவுக் கூரையில், இன்சுலேஷன் போட்ட சீலிங்கின் 300 சதுர அடிக்கு 1 சதுர அடி காற்றுத் திறப்பு வேண்டும். குளியலறை விசிறிக் குழாய் அட்டிக்குள்ளேயே முடிகிறதென்றால், முதல் வேலையாக அதை வீட்டுக்கு வெளியே கொண்டுபோய் விடச் சொல்லுங்கள்.