இணையவழி வியாபாரம்: எந்த வேலையை முதலில் செய்வது?

வீட்டிலிருந்தபடியே கைபேசி மூலம் மிளகாய்த்தூள், ஒடியல் மா, கருவாடு, தைத்த உடுப்பு போன்றவற்றை விற்க நினைக்கிறீர்களா? அப்படியானால் இப்போதே இருபது வேலைகளாவது உங்கள் தலைக்குள் சுற்றிக்கொண்டிருக்கும். வியாபாரப் பெயர் பதிய வேண்டும், வங்கிக் கணக்கு வேண்டும், முகநூல் பக்கம் வேண்டும், பைகள் வாங்க வேண்டும், விலை தீர்மானிக்க வேண்டும். இதற்கிடையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்ப வேண்டும், வளவைத் துப்புரவாக்க வேண்டும், வீட்டுத்திட்டக் கூட்டத்துக்கும் போக வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொடங்கினால் ஒன்றும் முடியாது. அதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. வாழ்வாதார உதவியாகக் கிடைத்த பணம் அவசரமில்லாத வேலைகளில் கரைந்துவிடும். ஆயிரம் வண்ண லேபல்களை அச்சடித்த பின் மிளகாய் வாங்கக் காசில்லை என்றால், அடுத்துக் கடன்தான் வாங்க நேரிடும். ஆகவே வேலைகளை ஒழுங்குபடுத்துவது உங்கள் முதலைக் காப்பாற்றும்.

படி 1: எல்லாவற்றையும் எழுதுங்கள்

ஒரு பழைய அப்பியாசக் கொப்பி போதும். மனதிலுள்ள எல்லா வேலைகளையும் ஒரு வரிக்கு ஒன்றாக எழுதுங்கள். வீட்டு வேலைகளையும் சேருங்கள். அவற்றுக்கும் உங்கள் நேரம்தான் செலவாகிறது.

படி 2: ஒரு கேள்வி கேளுங்கள்

ஒவ்வொரு வேலைக்கும் எதிரே இப்படிக் கேளுங்கள்: இதைச் செய்யாமல் முதல் பத்துப் பொதிகளை ஒழுங்காக விற்க முடியுமா? முடியாது என்றால் ‘இப்போது’ என்றும், முடியும் என்றால் ‘பிறகு’ என்றும் எழுதுங்கள். இணையத்தளம், வியாபாரச் சின்னம், கட்டண விளம்பரம் என்பன ‘பிறகு’ பக்கத்துக்குப் போகும். நல்ல பொருள், சரியான நிறை, தெளிவான இரண்டு படங்கள், செலவைக் கணக்கிட்டுப் போட்ட விலை என்பன ‘இப்போது’ பக்கத்தில் இருக்கும்.

உணவுப் பொருள் விற்பவர்கள் ஒன்றைப் பிற்போடக்கூடாது. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் விற்பனைக்கான உணவைக் கட்டுப்படுத்துகிறது. பொருளின் பெயர், சேர்மானங்கள், தேறிய நிறை, உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, தயாரித்தவரின் பெயர், முகவரி ஆகியவை பொதியில் இருக்க வேண்டும். லேபலை அச்சடிக்கக் கொடுக்கும் முன் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் காட்டுங்கள். பிழையான லேபலுக்குச் செலவழித்த காசு திரும்பி வராது.

படி 3: எதற்குப் பின் எது?

சில வேலைகள் மற்றொன்று முடியும்வரை நகராது. வங்கிக் கணக்குத் திறக்க அடையாள அட்டை வேண்டும். இடப்பெயர்வில் அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் தொலைந்திருந்தால், அவற்றை மீளப் பெறுவதே உங்கள் முதல் வேலை. வியாபாரத்துக்குத் தனிப் பெயர் வைப்பதானால், கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலோடு பிரதேச செயலகத்தில் அதைப் பதிய வேண்டும். அந்தப் பெயரில் கணக்குத் திறக்க வங்கி பதிவுச் சான்றிதழைக் கேட்கும். இவற்றை அம்புக்குறியிட்டு வரிசையாக எழுதினால், இன்று எந்தக் கதவைத் தட்டுவது என்பது தெரியும்.

காலநிலையையும் கவனியுங்கள். ஐப்பசி முதல் மார்கழி வரையான மாரி மழையில் மிளகாய் காய்வது கடினம். பனங்கிழங்கும் எல்லா மாதமும் கிடைக்காது. முகநூல் பக்கத்தை எந்த இரவிலும் திறக்கலாம்; ஆனால் வெயில் உங்களுக்காகக் காத்திராது.

படி 4: ஒரு நாளைக்கு மூன்று

ஒரு பெரிய வேலை, இரண்டு சிறிய வேலைகள். அதற்கு மேல் எழுதாதீர்கள். பிரதேச செயலகம், வங்கி, தபால் அலுவலகம் மூன்றையும் ஒரே பயணத்தில் முடியுங்கள். புறப்படுமுன் பொதுமக்கள் சந்திப்பு நாள் எது, என்னென்ன பிரதிகள் தேவை என்று கிராம அலுவலரிடம் கேளுங்கள். ஒரு பிரதி குறைந்தாலும் இன்னொரு நாளும் பஸ் காசும் வீணாகும்.

வாடிக்கையாளரின் செய்திகளுக்குக் காலையும் மாலையும் பதில் எழுதுங்கள். இலவசமாகக் கிடைக்கும் வட்ஸ்அப் பிஸ்னஸ் செயலியில் தானாகப் போகும் பதில் செய்தியை அமைக்கலாம்.

படி 5: பங்கிடுங்கள்

படம் எடுப்பதை உயர்தரம் படிக்கும் மகளிடமோ மகனிடமோ கொடுக்கலாம். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் உங்களைப் போல் விற்பவர்கள் இருந்தால், முறைவைத்து ஒருவர் எல்லோருடைய பொதிகளையும் தபாலுக்குக் கொண்டுபோகலாம். தனியாகக் குடும்பத்தைச் சுமப்பவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

பயிற்சி

கீழுள்ள ஐந்து வேலைகளையும் ‘இப்போது’, ‘பிறகு’ எனப் பிரியுங்கள்:

1. மிளகாய் காயவைத்தல்
2. வண்ணப் பெயர்ப்பலகை செய்தல்
3. ஒரு பொதிக்கான செலவைக் கணக்கிடல்
4. இணையத்தளம் அமைத்தல்
5. லேபல் விபரங்களைச் சரிபார்த்தல்

விடை: 1, 3, 5 இப்போது, 2, 4 பிறகு.

வார இறுதியில் கொப்பியைத் திறந்து முடிந்தவற்றை வெட்டுங்கள். இரண்டு வாரமாக ஒரே வேலை நகராமல் நின்றால், அந்தக் கொப்பியோடு எமது வெளிக்கள உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். தடை எங்கே என்பதைச் சேர்ந்து பார்க்கலாம்.