மரகதம் என்னும் சொல்லும் பச்சைமணி என்னும் பொருளும்: தேர்தல், இனங்காணல், காட்சிப்படுத்தல்

ஆய்வுச் சுருக்கம்

பச்சை நிறக் கற்கள் பலவற்றை ‘மரகதம்’ என்னும் ஒரே பெயரால் வழங்கும் மரபு தமிழில் நெடுங்காலமாக உள்ளது. இலக்கியத்திலும் கோயில் வழக்கிலும் இடம்பெறும் மரகதத்தை, இன்றைய கனிமவியல் ‘எமரால்டு’ எனக் குறிக்கும் கல்லோடு ஐயமின்றி ஒன்றாகக் கொள்ளலாமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையும் அதன் உரைமரபும் தரும் செய்திகள், வடமொழி மணிநூல் மரபோடும் கனிமவியல் தரவுகளோடும் ஒப்பிடப்படுகின்றன. பழைய நூல்களின் நோக்கம் மணியைத் தேர்தல் என்பதும், இன்றைய ஆய்வின் நோக்கம் மணியை இனங்காணல் என்பதும் இக்கட்டுரை முன்வைக்கும் வேறுபாடாகும்.

திறவுச்சொற்கள்: மரகதம், வயிடூரியம், பெரில், ஊர்காண் காதை, மணிநூல், காட்சிக் குறிப்பு.

முன்னுரை

பதிப்புகளின் அருஞ்சொற்பொருள் பகுதியில் ‘மரகதம் - பச்சைக்கல்’ என்று பொருள் தரப்படுவதைப் பரவலாகக் காணலாம். இப்பொருள் பிழையன்று, ஆயினும் முழுமையன்று. பச்சை என்பது நிறம். மரகதம் என்பது ஒரு மணியின் பெயர். நிறப்பெயரும் மணிப்பெயரும் ஒன்றாகும்போது, ஒரு பாடலை மொழிபெயர்ப்பவர் எமரால்டு என்று எழுதிவிடுகிறார். அருங்காட்சியகத்தார் பெயர்ப்பலகையில் அதனையே பொறிக்கின்றனர். பின்னர் வரும் ஆய்வாளர் அப்பலகையையே சான்றாகக் கொள்கிறார். ஒரு சொல்லின் தளர்ந்த வழக்கு, இவ்வாறு படிப்படியாக ஒரு பொருளைப் பற்றிய உறுதியான கூற்றாக மாறிவிடுகிறது. இம்மாற்றம் நிகழும் இடங்களைச் சுட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. தேர்தல்: குற்றம் நீங்கிய மணி

மதுரை மாநகரைச் சுற்றிப் பார்க்கும் கோவலன் அங்குள்ள மணிக்கடை வீதியைக் காண்பதாக இளங்கோவடிகள் அமைத்துள்ளார். ஒன்பது மணிகளும் அவ்விடத்தில் வெறும் பெயர்ப்பட்டியலாக இடம்பெறவில்லை. ஒவ்வொன்றும் அதன் குணத்தாலோ, நீங்கியிருக்க வேண்டிய குற்றத்தாலோ சுட்டப்படுகிறது. மரகதத்திற்கு ஏகை, மாலை, இருள் என்னும் மூன்று குற்றங்கள் கூறப்படுகின்றன. உரைமரபு ஏகையைக் கீற்று எனவும், மாலையைத் தார் எனவும், இருளைக் கருகல் எனவும் விளக்குகிறது.

இம்மூன்றும் கவிஞரின் கற்பனை அல்ல என்பது கனிமவியல் தரவுகளால் விளங்கும். இயற்கை மரகதத்தில் வெடிப்புக் கோடுகள் மிகுதி. இவற்றை ஏகை எனலாம். வெடிப்புகள் மீண்டும் கூடி ஆறிய இடங்களில் நுண்ணிய நீர்மத்துளிகள் வரிசையாகத் தங்கித் திரைபோலத் தோன்றும். தொடுத்த தார் போன்ற இத்தோற்றமே மாலை எனக் கருத இடமுண்டு. மரகதம் பெரும்பாலும் கருநிற மைக்காப் பாறைகளை ஒட்டி விளைவதால், மைக்காத் துணுக்குகள் கல்லினுள் கரும்புள்ளிகளாகச் சிக்கியிருப்பதும் உண்டு. இது இருள் என்னும் குற்றத்தோடு பொருந்துகிறது. ஆகவே இப்பகுதி, கல்லைக் கையிலெடுத்து ஒளியில் திருப்பிப் பார்த்துப் பழகியோரின் தொழிலறிவைத் தன்னுள் கொண்டுள்ளது எனலாம்.

வடமொழி மணிநூல் மரபு குணத்தின் வழியே மரகதத்தை அணுகுகிறது. கி.பி. 6ஆம் நூற்றாண்டினரான வராகமிகிரர் பிருகத் சம்ஹிதையில் கிளி, மூங்கிலிலை, வாழை, வாகைப்பூ ஆகியவற்றின் நிறத்தை மரகதத்திற்கு உவமையாக்குகிறார். தேவர்க்கும் முன்னோர்க்கும் செய்யும் சடங்குகளுக்கு அது உகந்தது என்றும் கூறுகிறார். இவ்வுவமைகள் ஒரே பச்சையைக் குறிப்பன அல்ல. கிளியின் நிறம் மஞ்சள் தழுவியது. வாகைப்பூவின் நிறம் வெளிறியது. நால்வகைச் சாயலையும் ஒரு பெயருக்குள் அடக்கும் இம்முறை, நிறத்தின் அழகை மதிப்பிட உதவுமேயன்றி, ஒரு கல்லைப் பிறிதொரு பச்சைக்கல்லினின்றும் பிரித்தறிய உதவாது.

2. இனங்காணல்: ஒரு கனிமம், இரு பெயர்

மரகதம் பெரில் என்னும் கனிமத்தின் பச்சை வகையாகும். பெரிலியம், அலுமினியம் ஆகியவற்றின் சிலிக்கேட்டான இக்கனிமத்தில் குரோமியமோ வனேடியமோ சிறிதளவு கலப்பதால் ஆழ்ந்த பச்சை தோன்றுகிறது. பெரிலும் மரகதமும் ஒரே கனிமம் என்பதை வேதியியல் வழியே 1798இல் பிரெஞ்சு அறிஞர் வோக்லென் நிறுவினார். ஆனால் கி.பி. முதல் நூற்றாண்டிலேயே உரோமானிய அறிஞர் பிளினி, இவ்விரண்டும் ஒத்த இயல்பின எனப் பலர் கருதுவதாகத் தம் இயற்கை வரலாற்றில் எழுதியுள்ளார். சிறந்த பெரில் இந்தியாவினின்றும் வருவது என்றும், கடல்நீரின் பச்சையை ஒத்தது என்றும் அவர் குறிக்கிறார்.

கொங்கு நாட்டின் காங்கேயத்தை அடுத்த படியூர் பெரில் விளைந்த இடமாகும். நொய்யல் ஆற்றங்கரைக் கொடுமணல் அகழாய்வில் பெரில் உள்ளிட்ட மணிக்கற்களும், அவற்றில் மணி செய்த தொழிலின் தடயங்களும் வெளிப்பட்டுள்ளன. தமிழகம் நன்கறிந்த பச்சை சார்ந்த பெரில் இந்நீலப்பச்சைக் கல்லே. ஆனால் இதற்குரிய பெயர் மரகதம் அன்று. கிரேக்கத்தின் ‘பெரில்லோஸ்’ என்னும் சொல் பிராகிருதத்தின் ‘வேலுரிய’, வடமொழியின் ‘வைடூர்ய’ ஆகியவற்றோடு உறவுடையது என்பது அறிஞர் பலரும் ஏற்ற கருத்து. அவ்வாறாயின் வயிடூரியம் ஒருகால் பெரிலைக் குறித்திருத்தல் வேண்டும். ஊர்காண் காதையிலோ உரைமரபு வயிடூரியத்திற்குத் தெளிந்த தேனின் நிறத்தைக் கூறுகிறது. இன்றைய வழக்கில் வயிடூரியம் பூனைக்கண் போன்ற ஒளிக்கோடு உடைய கல்லாகும். பெயர் நிலைத்திருக்கப் பொருள் இடம்பெயர்ந்துள்ளது என்பதை இது காட்டுகிறது. வயிடூரியத்திற்கு நேர்ந்த இம்மாற்றம் மரகதத்திற்கு நேர்ந்திராது எனக் கொள்வதற்குச் சான்று இல்லை.

பச்சைமணியை இனங்காண இன்று பயன்படும் சில அளவைகள் வருமாறு:

மரகதம்: கடினத்தன்மை 7.5 - 8. ஒப்படர்த்தி ஏறத்தாழ 2.7, ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.57 - 1.58.

பச்சை அவென்சுரின்: குவார்ட்சு வகை, ஒப்படர்த்தி ஏறத்தாழ 2.65, ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.55. உள்ளே மைக்காத் துகள்கள் மினுமினுக்கும்.

பெரிடாட்: கடினத்தன்மை 6.5 - 7. ஒளிவிலகல் எண் 1.65 - 1.69. இரட்டை ஒளிவிலகல் மிகுதியாதலால், உருப்பெருக்கியில் பின்புற விளிம்புகள் இரண்டிரண்டாகத் தெரியும்.

ஜேடு: நெஃப்ரைட், ஜேடைட் என இருவகை, ஒப்படர்த்தி முறையே ஏறத்தாழ 2.95, 3.3. மிக உறுதியானது, சிற்பம் செதுக்க ஏற்றது.

மலக்கைட்: கடினத்தன்மை 3.5 - 4. வெளிர்பச்சையும் கரும்பச்சையும் வளைய வளையமாக அமையும்.

பச்சைக் கண்ணாடி: ஒளியை இரண்டாகப் பிரிக்காது, உள்ளே காற்றுக்குமிழிகளும் வளைந்த ஓட்டக்கோடுகளும் காணப்படலாம்.

இப்பட்டியலில் நிறம் அளவையாக இடம்பெறவில்லை என்பது கருதத்தக்கது. இந்தியர் படிகத்திற்குச் சாயமேற்றிப் பெரிலைப் போன்ற போலிகளைச் செய்தனர் என்று பிளினியே குறித்திருப்பதால், நிறத்தை நம்புவதன் இடர் பண்டைக்காலத்திலேயே உணரப்பட்டிருந்தது எனலாம்.

இங்கு ஒரு முரண் புலப்படுகிறது. சிலப்பதிகாரம் விலக்கும் கீற்றும் தாரும் கருகலுமே, இக்காலத்தில் ஒரு கல் நிலத்தில் விளைந்தது என்பதற்குச் சான்றாகக் கொள்ளப்படுகின்றன. முற்றிலும் மாசற்ற பெரிய பச்சைக்கல்லை முதலில் ஐயுறுவதே மணியாய்வாளர் வழக்கம். தேர்வோன் விலக்கும் குற்றத்தையே இனங்காண்போன் சான்றாகக் கொள்கிறான். எனவே பழைய நூல் கூறும் குணங்கள் அனைத்தும் உடையது என்பதால் ஒரு கல்லை மரகதம் எனத் துணிதல் முறையாகாது.

3. காட்சிப்படுத்தல்: மறைத்தலும் பெயரிடலும்

இராமநாதபுரம் மாவட்டம் உத்தரகோசமங்கைக் கோயிலின் மரகத நடராசர் திருமேனி ஆண்டு முழுவதும் சந்தனக் காப்பிலேயே இருக்கும். மார்கழித் திருவாதிரையை ஒட்டியே காப்புக் களையப்பட்டு மரகதத் திருமேனியின் தரிசனம் கிடைக்கும். ஒலியதிர்வு மரகதத்தைச் சிதைக்கும் என்னும் நம்பிக்கையும், ‘மத்தளம் முழங்க மரகதம் பொடிபடும்’ என்னும் சொலவடையும் இதனோடு இணைத்துப் பேசப்படுகின்றன. உள்வெடிப்பு மிகுந்த மரகத மணிகளை மீயொலிக் கருவியில் தூய்மை செய்யலாகாது என்பது இன்றைய மணித்தொழிலாளரும் அறிந்ததே. அச்சொலவடை மரகதத்தின் நொறுங்கும் இயல்பை அறிந்த மரபிலிருந்து பிறந்திருக்கலாம்.

எனினும், செதுக்குதற்கேற்ற தெளிந்த மரகதப் படிகங்கள் பெரும்பாலும் மிகச் சிறியன. ஆளுயரத்தை ஒட்டிய ஒரு திருமேனியை எமரால்டு என மொழிபெயர்ப்பதற்கு முன் இவ்வியல்பை எண்ணிப் பார்த்தல் வேண்டும். சப்தவிடங்கத் தலங்களின் மரகத லிங்கங்களுக்கும் இது பொருந்தும். இவ்வாறு கூறுவதனால் அத்திருமேனிகளின் பெருமை குறைந்துவிடாது. தாய்லாந்து நாட்டுச் சான்று இதனைத் தெளிவாக்கும். பாங்காக்கின் வாட் பிரா கேவ் கோயிலில் 1784 முதல் விளங்கும், ஏறத்தாழ 66 செ.மீ. உயரமுள்ள புத்தர் படிமம் ‘மொரகொட்’ என்னும் பெயரால் வழங்குகிறது. இது மரகதம் என்னும் சொல்லின் தாய் வடிவமே. அப்படிமம் எமரால்டு அன்று, ஜேடு அல்லது ஜாஸ்பர் வகைக் கல் என்றே கூறப்படுகிறது. ஆயினும் கோடை, மழை, குளிர் என்னும் மூன்று பருவங்களிலும் அந்நாட்டு அரசரே அதன் அணியாடையை மாற்றும் வழக்கம் தொடர்கிறது. அங்கு மரகதம் என்பது கனிமத்தின் பெயராக நில்லாமல், பசுமையும் புனிதமும் கூடிய ஒரு தகுதியின் பெயராகிவிட்டது. தமிழ்க் கோயில் வழக்கையும் இவ்வாறு பொருள்கொள்ள இடமுண்டு.

வழிபாட்டிலுள்ள திருமேனியைக் கீறியோ நீரிலிட்டு எடைபோட்டோ ஆராய்வது முறையன்று. தொடாமலும் சிதைக்காமலும் கனிமத்தை அறிய இராமன் நிறமாலையியல் போன்ற முறைகள் உள்ளன. அத்தகைய ஆய்வு நடைபெறாத நிலையில், காட்சிக் குறிப்பு எழுதுவோர் மரபுப்பெயரையும் கனிமப்பெயரையும் தனித்தனியே தருதல் வேண்டும். ‘மரபில் மரகதம் என வழங்குவது, பச்சைநிறக் கல், கனிமவகை ஆராயப்படவில்லை’ என்பது போன்ற குறிப்பு நேர்மையானது, பின்வரும் ஆய்வாளருக்கும் வழிவிடுவது.

தொகுப்புரை

1. ஊர்காண் காதை கூறும் ஏகை, மாலை, இருள் ஆகிய குற்றங்கள் இயற்கை மரகதத்தின் உட்பொதிவுகளோடு பொருந்துகின்றன. ஆகவே அப்பகுதியில் மரகதம் என்பது பெரில் வகை மணியையே குறித்தது எனக் கருத வலுவான இடமுண்டு.

2. இம்முடிவை மரகதம் என்னும் சொல் வரும் எல்லா இடங்களுக்கும் விரிக்கலாகாது. குற்றமும் குணமும் கூறப்படாமல் நிறவுவமையாக மட்டும் வரும் இடங்களில் பச்சைமணி எனப் பொருள்கொள்வதே பொருத்தம்.

3. வயிடூரியத்தின் பொருள் மாற்றம், மணிப்பெயர்களைக் காலந்தோறும் தனித்தனியே ஆராய வேண்டியதன் தேவையை உணர்த்துகிறது.

4. பதிப்பாசிரியர், மொழிபெயர்ப்பாளர், அருங்காட்சியகத்தார் ஆகியோர் சொல்லின் பொருளையும் கல்லின் இனத்தையும் இருவேறு வினாக்களாகக் கொண்டு விடை தருதல் வேண்டும். முதலாவது வினாவுக்கு நூல்கள் விடை தரும். இரண்டாவதற்குக் கல்லே விடை தரவேண்டும்.