ஆடுகிற டைமிங்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பாவின் விஜய் சூப்பர் ஸ்கூட்டர் பற்றி நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. காலையில் ஒரே உதையில் கிளம்புகிறது. கொஞ்ச தூரம் ஓடியதும் மிஸ்ஸிங். ஏற்றத்தில் சைலன்சரில் வெடி. நிறுத்திவிட்டு மறுபடி உதைத்தால் கிக்கர் காலைத் திருப்பி அடிக்கிறது. மெக்கானிக் ஒவ்வொரு தடவையும் டைமிங் வைத்துக் கொடுக்கிறார், சில நாளில் பழையபடி ஆகிவிடுகிறது என்கிறீர்கள்.

டைமிங் தப்பாக இருப்பது வேறு, டைமிங் ஆடுவது வேறு. தப்பாக இருந்தால் மேக்னெட் பிளேட்டைக் கொஞ்சம் திருப்பினால் தீர்ந்தது. ஆடுகிறது என்றால் உள்ளே ஏதோ தேய்ந்திருக்கிறது, அல்லது தளர்ந்திருக்கிறது. அது எது என்று தெரியாமல் பிளேட்டைத் திருப்புவது, ஓடுகிற பஸ்ஸில் ஊசி கோர்ப்பது மாதிரி. உங்கள் மெக்கானிக்கை நான் குறை சொல்லவில்லை. டைமிங் வைக்கத்தான் கூலி கொடுக்கிறோம். மேக்னெட்டைக் கழற்றிப் பேரிங் பார்க்க நேரமும் காசும் கொடுக்கிறவர்கள் குறைவு.

இத்தாலியில் இன்னொசென்டி கம்பெனி லாம்ப்ரெட்டா ஸ்கூட்டர் தயாரிப்பை விட்டபோது, அந்த இயந்திரங்களை வாங்கி லக்னோவில் இறக்கியது 1972-ல் தொடங்கிய அரசு நிறுவனமான ஸ்கூட்டர்ஸ் இந்தியா. அங்கே உருவானதுதான் உங்கள் வண்டி. உள்ளே இருப்பது லாம்ப்ரெட்டா ஜி.பி. 150 இன்ஜின். ஆகவே லாம்ப்ரெட்டாவுக்குப் பொருந்துவதெல்லாம் இதற்கும் பொருந்தும்.

வலது பக்கம் சுற்றுகிற மேக்னெட்டின் நடுக்குடத்திலேயே காம் இருக்கிறது. அது பாயிண்டைத் தூக்கிப் பிரிக்கும் அந்தக் கணத்தில்தான் பிளக்கில் பொறி விழுகிறது. பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 21 முதல் 23 டிகிரி முன்னால் அது நடக்க வேண்டும். இந்த இன்ஜினின் ஸ்ட்ரோக் 58 மி.மீ. கணக்குப் போட்டால் 23 டிகிரியில் பிஸ்டன் உச்சிக்கு 2.9 மி.மீ. கீழே நிற்கும், 21 டிகிரியில் 2.4 மி.மீ. கீழே. இடையில் அரை மில்லிமீட்டர்தான். இன்ஜின் நிமிடத்துக்கு 4,000 சுற்றில் ஓடும்போது ஒரு டிகிரி கடப்பதற்கு ஆகும் நேரம் ஒரு விநாடியில் 24,000-ல் ஒரு பங்கு. இவ்வளவு நுணுக்கமான வேலையை பாயிண்டில் உள்ள ஒரு சின்ன ஃபைபர் குதியும் ஒரு ஸ்பிரிங்கும் செய்கின்றன. ஆகவே எங்கே ஒரு நூலிழை தளர்ந்தாலும் இன்ஜின் காட்டிக்கொடுத்துவிடும்.

இந்த மேக்னெட்டில் வேகத்துக்கேற்ப டைமிங்கை முன்னே தள்ளுகிற ஏற்பாடு எதுவும் கிடையாது. ஐட்லிங்கிலும் முழு வேகத்திலும் ஒரே டிகிரிதான். நோய் கண்டுபிடிக்க இதைவிட நல்ல துணை இல்லை. ஒரு டைமிங் லைட் வாங்குங்கள், அல்லது கார் மெக்கானிக்கிடம் இரவல் கேளுங்கள். உங்கள் வண்டி 6 வோல்ட் என்பதால் லைட்டுக்குத் தனியாக ஒரு 12 வோல்ட் பேட்டரி வேண்டும். பிளக் ஓட்டையில் பிஸ்டன் ஸ்டாப்பரை மாட்டி, மேக்னெட்டைக் கையால் மெதுவாக இரண்டு பக்கமும் முட்டும்வரை திருப்பி, ஹவுசிங்கில் போட்ட ஒரே கோட்டுக்கு நேராக மேக்னெட் சக்கரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு குறிக்கும் நடுவே உச்சி. சக்கரத்தின் சுற்றளவை டேப்பால் அளந்து, 360-ஆல் வகுத்து, 23-ஆல் பெருக்குங்கள். ஸ்டாப்பரை எடுத்துவிட்டு, உச்சிக் குறியைக் கோட்டுக்கு நேராக வைத்து, சக்கரம் ஓடும் திசைக்கு எதிராக அந்த நீளம் திருப்பி, அதே கோட்டுக்கு நேரே வெள்ளை பெயிண்டால் ஒரு கோடு போடுங்கள்.

வண்டி நன்றாகச் சூடான பிறகு லைட்டை அடித்துப் பாருங்கள். மிஸ்ஸிங் இருக்கும்போதே கோடு அசையாமல் நின்றால் டைமிங்கை விட்டுவிடுங்கள். ஐட்லிங்கும் தானாக ஏறி இறங்கினால் மேக்னெட் பக்க ஆயில் சீல் வழியாகக் காற்று இழுக்கிறதா என்றும் கார்புரேட்டரையும் பாருங்கள். கோடு இடம் மாறாமல், வெளிச்சமே விட்டு விட்டு வந்தால் கண்டென்சரையோ காயிலையோ உள்ளே இன்சுலேஷன் உதிர்ந்த வயரையோ சந்தேகிக்கலாம். இவையெல்லாம் சூட்டில்தான் கைவிடும். பாயிண்டின் முகம் கருகி நீலம் பாய்ந்திருந்தால் கண்டென்சர் போயிருக்கக்கூடும். புதிதாக நல்லது ஒன்றை வாங்கி, மேக்னெட்டுக்குள் வைக்காமல் வெளியே காயில் பக்கத்தில் மாட்டுங்கள். சூடு குறைவு, ஆயுள் கூடுதல்.

கிக்கர் திருப்பி அடிக்கிறது என்று எழுதியிருப்பதால், உங்களுக்குக் கோடு இரண்டாகப் பிரிந்தோ மங்கலாகப் பரந்தோ தெரியும் என்று நினைக்கிறேன். அப்படியானால் முதல் சந்தேகம் மேக்னெட் பக்கத்து ரோலர் பேரிங் மேல்தான். மேக்னெட்டின் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே, பாயிண்ட் முழுசாகத் திறந்த இடத்தில் சக்கரத்தை நிறுத்துங்கள். இடைவெளி 0.35 முதல் 0.45 மி.மீ. இருக்க வேண்டும். 0.40 ஃபீலர் கேஜை நுழைத்து, குதி காமைத் தொடுகிற திசையில் சக்கரத்தை ஒரு முறை தள்ளுங்கள், ஒரு முறை இழுங்கள். தள்ளும்போது தகடு இறுகி, இழுக்கும்போது லொடலொடவென்று விழுந்தால் கிராங்க் பேரிங்குக்குள் ஆடுகிறது என்று அர்த்தம். கிராங்க் ஆடினால் காம் ஆடும், காம் ஆடினால் பாயிண்ட் ஒரு சுற்றில் முந்தியும் மறு சுற்றில் பிந்தியும் திறக்கும். முந்தித் திறந்தால் பிஸ்டன் தலையில் சூடு ஏறி ஓட்டை விழவும் வாய்ப்பு உண்டு. இதில் அலட்சியம் வேண்டாம்.

லாம்ப்ரெட்டாவில் ஒரு நல்ல வசதி, இன்ஜினை முழுசாகப் பிரிக்காமல் மேக்னெட் பக்க ஹவுசிங்கை மட்டும் கழற்றலாம். பேரிங்கின் வெளி வளையம் ஹவுசிங்கில் இருக்கும், உள் வளையம் கிராங்கில் இருக்கும். இரண்டையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஹவுசிங்கைச் சூடாக்கினால் பேரிங் தானே இறங்கும். சீலையும் அப்போதே மாற்றிவிடுங்கள்.

மேக்னெட்டைக் கழற்ற அதற்குரிய புல்லரை மட்டும் பயன்படுத்துங்கள். சுத்தியல் விழுந்தால் காந்தம் பலம் குறையும், ரிவெட்டும் தளரும். அந்த ரிவெட்டை உற்றுப் பாருங்கள். நடுக்குடமும் வெளிச் சக்கரமும் ரிவெட்டால்தான் இணைந்திருக்கின்றன. ரிவெட் தலையைச் சுற்றி செம்பழுப்பாகப் பொடி படிந்திருந்தால் உலோகம் உலோகத்தோடு உரசுகிறது. அங்கே துளி மண்ணெண்ணெய் விட்டு, குடத்தைப் பிடித்துச் சக்கரத்தை முறுக்கினால் குமிழி வரும். இதில் ஒரு சூட்சுமம்: காம் குடத்தில் இருப்பதால் பாயிண்ட் சரியான நேரத்தில்தான் திறக்கும். ஆனால் வெளியே காந்தம் நகர்ந்திருப்பதால் பொறி மெலிந்துவிடும், கோடும் லைட்டில் குதிக்கும். எலக்ட்ரானிக் இக்னிஷனுக்கு மாற்றியவர்களுக்கு இது இன்னும் மோசம். அங்கே பொறியைக் கிளப்புவதே சக்கரத்தில் உள்ள காந்தம் என்பதால் டைமிங் நிஜமாகவே ஓடிப்போகும். ரிவெட் தளர்ந்த மேக்னெட்டுக்கு வெல்டிங் வைக்க விடாதீர்கள், பேலன்ஸ் போய்விடும். நல்ல மேக்னெட் ஒன்று தேடி மாற்றுங்கள்.

கிராங்கின் டேப்பரிலும் அதே செம்பழுப்புப் பொடி இருந்தால் மேக்னெட் அங்கே நழுவியிருக்கிறது. அரைவட்டச் சாவி வெட்டுப்பட்டிருக்கும். சக்கரத்தைப் பிடித்து நிறுத்துவது சாவி என்று பலர் நினைக்கிறார்கள். சாவி இடம் காட்ட மட்டும்தான், பிடிப்பது டேப்பர். சாவியை எடுத்துவிட்டு, கிரைண்டிங் பேஸ்ட் தடவி, முகம் முழுக்கச் சீராகச் சாம்பல் நிறம் வரும்வரை கையால் தேய்த்து, பெட்ரோலில் கழுவி, எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்து, புதுச் சாவி போட்டு மாட்டுங்கள்.

எல்லாம் முடிந்த பிறகு முதலில் பாயிண்ட் கேப், அடுத்துதான் டைமிங். கேப் கூடினால் டைமிங் முந்தும், குறைந்தால் பிந்தும். வரிசை மாறினால் இரண்டும் கெடும். காமைத் தொடுகிற கம்பளித் திரியில் கொஞ்சம் கிரீஸ் இருக்கட்டும். அது காய்ந்தால் புதுக் குதி சீக்கிரம் தேய்ந்து, கேப் குறைந்து, டைமிங் பிந்திவிடும். புதுப் பாயிண்ட் 500 கி.மீ. ஓடியதும் கேப்பை மறுபடி அளந்து பாருங்கள்.

தள்ளும்போது கேப் எவ்வளவு, இழுக்கும்போது எவ்வளவு, சூடான பிறகு லைட்டில் கோடு எப்படி நடந்துகொண்டது, இந்த மூன்றையும் எழுதி அனுப்புங்கள். பேரிங் வாங்கும் முன்னால் நானும் ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்