தரவு வராத நாள்

ஒரு நாளுக்கு 24 மணி நேரம் என்று தொடக்கப்பள்ளியிலேயே படித்திருக்கிறோம். ஆனால், பூமி அந்தக் கணக்கை அப்படியே பின்பற்றுவதில்லை. காற்றோட்டம், கடலின் ஏற்ற இறக்கம், பூமியின் உட்பகுதியில் உருகிய நிலையில் உள்ள உலோகத்தின் அசைவு ஆகியவற்றால் அது சுழலும் வேகம் மிகச் சிறிய அளவில் கூடியும் குறைந்தும் வருகிறது. நம் அன்றாட வாழ்க்கையில் இதை நாம் உணர்வதே இல்லை. வானியலாளர்களுக்கோ இது முக்கியம். பூமி சுழல்வதால், ஒரு விநாடியில் வானம் முழுநிலவின் அகலத்தில் ஏறத்தாழ 120இல் ஒரு பங்கு நகர்வதுபோல் தோன்றுகிறது. கடிகாரத்திற்கும் பூமிக்கும் அரை விநாடி வேறுபட்டாலும் பெரிய தொலைநோக்கியின் குறி தவறிவிடும்.

இந்த வேறுபாட்டை அளந்துதான் அறிய முடியும். பூமியின் சுழற்சியைக் கண்காணிக்கும் பன்னாட்டு அமைப்பு ஒன்று அதை அளந்து, அடுத்த ஓராண்டுக்கான முன்கணிப்பையும் சேர்த்து, வாரந்தோறும் ஓர் அட்டவணையாக வெளியிடுகிறது.

ஆஸ்ட்ரோபை என்பது வானியலாளர்கள் இலவசமாகப் பயன்படுத்தும் மென்பொருள் நூலகம். அடிக்கடி தேவைப்படும் கணக்குகளுக்கான நிரல்கள் அதில் ஆயத்தமாக இருக்கும். அது அந்த அட்டவணையை அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்தின் இணையத்தளத்திலிருந்து தானாகவே பதிவிறக்கம் செய்துவந்தது. 2019 அக்டோபரில், மேம்பாட்டுப் பணிக்காக அந்த இணையத்தளம் மூடப்பட்டது. பல மாதங்கள் அது திரும்பவில்லை. தங்கள் நிரலில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாதவர்கள், நேற்றுவரை ஓடிய நிரல் இன்று பிழைச்செய்தி காட்டுவதைக் கண்டு குழம்பினர். அப்படி ஓர் அட்டவணை இருப்பதையே சிலர் அன்றுதான் அறிந்திருப்பார்கள்!

ஆஸ்ட்ரோபையை உருவாக்குவோர், அதே அட்டவணை கிடைக்கும் வேறு தளங்களுக்கு நிரலைத் திருப்பினர். முதல் முகவரி பதில் தராவிட்டால் இரண்டாம் முகவரியை நாடுவது எளிய தீர்வுதான். இரண்டும் பதில் தராவிட்டால் என்ன செய்வது? கணினியில் உள்ள பழைய அட்டவணையைக் கொண்டு கணக்கிடலாமா, அல்லது வேலையை நிறுத்திவிட வேண்டுமா? இருவிழிநோக்கியால் வியாழனைத் தேடும் மாணவருக்குப் பழைய அட்டவணையே போதும். மங்கலான விண்மீனின் ஒளியை மெல்லிய கண்ணாடி இழைக்குள் விழச் செய்யும் ஆய்வாளருக்கு அது போதாது. ஆகவே, நிரலை நிறுத்துவதா, எச்சரித்துவிட்டுத் தொடர்வதா என்பதைப் பயனரே தேர்ந்தெடுக்க ஆஸ்ட்ரோபை வழிவிட்டது. என் கருத்தில் இதுவே நேர்மையான வழி. நின்றுபோன நிரலைத் திருத்திவிடலாம்; எதுவும் சொல்லாமல் தவறான விடையைத் தரும் நிரலை யார் சந்தேகிப்பார்கள்?

கோப்பு வந்து சேர்ந்தாலும் கவலை தீராது. பதிவிறக்கம் பாதியில் அறுந்திருக்கலாம். 'தளம் பராமரிப்பில் உள்ளது' என்னும் அறிவிப்புப் பக்கமே அட்டவணையின் பெயரில் சேமிக்கப்பட்டிருக்கலாம். நிரல் அதைச் சரியான கோப்பு என்று நம்பிவிட்டால், தளம் சீரான பிறகும் புதியதைக் கேட்காது. மாறாத கோப்பு என்றால், அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் கைரேகை போன்ற ஓர் எண்ணை ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம். வாரந்தோறும் மாறும் அட்டவணைக்கு அந்த முறை உதவாது. அதன் அளவையும் வரிகளின் அமைப்பையும்தான் சோதிக்க வேண்டும்.

2023இல் ஆஸ்ட்ரோபை மற்றொரு படி முன்னேறியது. அட்டவணை ஒரு தனிச் சிறு தொகுப்பாக நூலகத்துடன் சேர்ந்தே கணினிக்கு வருமாறு அமைக்கப்பட்டது. இணையம் எட்டாத மலையுச்சியிலும் நிரல் இப்போது ஓடும். ஆனால், அந்தத் தொகுப்பை ஆண்டுக்கணக்கில் புதுப்பிக்காமல் விட்டால், அதில் உள்ள முன்கணிப்பும் காலாவதியாகிவிடும்.