சட்டியில் வறுத்த கொட்டைக்கு எந்த எஸ்பிரெசோ?

பச்சைக் காபிக்கொட்டையை வீட்டிலேயே வறுக்க வேண்டும், அதிலேயே எஸ்பிரெசோவும் இறக்க வேண்டும் என்று கிளம்புகிறவர்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று உண்டு. இந்த இரண்டு ஆசைகளும் சக்களத்திகள். வீட்டு வறுவல் ஈட்டுக்கு ஈடு மாறும். எஸ்பிரெசோவோ நேற்று எப்படி இருந்ததோ அப்படியே இன்றும் கொட்டை இருக்க வேண்டும் என்று அடம்பிடிக்கும். வறுக்கும் சாமானையும் இறக்கும் மெஷினையும் தனித்தனியாகத் தேடி வாங்கினால் ஏமாற்றம்தான். ஜோடிப் பொருத்தம் பார்த்து வாங்க வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். வீட்டு வாணலியில் ஒரு ஈட்டுக்கு 200 கிராமுக்கு மேல் போட்டால் சீராகக் கிளற முடியாது. வறுபடும்போது ஈரமும் தோலும் போய் எடை ஏறத்தாழ 15 சதவீதம் குறையும்; மிஞ்சுவது 170 கிராம். ஒரு டபுள் ஷாட்டுக்கு 18 கிராம் தூள் என்றால் ஒன்பது தடவைக்கு வரும். புதுக் கொட்டைக்கு அரவை பிடிபடுவதற்குள் மூன்று ஷாட் தொட்டிக்குப் போகும். மூன்றில் ஒரு பங்கு அங்கேயே காலி. மிச்சத்தை ரசித்துக் குடிக்க ஆரம்பிக்கும்போது டப்பாவின் அடி தெரியும். அடுத்த ஈடு, மறுபடியும் முதலிலிருந்து.

இதை மனதில் வைத்துக்கொண்டு வறுவலுக்கு வருவோம். கனமான இரும்பு வாணலியை நான் இன்னும் கைவிடவில்லை. குமுட்டி அடுப்பில் வாரம் ஒருமுறை கொட்டை வறுத்து, கையால் சுற்றும் மெஷினில் அரைத்த வீடுகள் நம் ஊரில் ஏராளம். புது வித்தை ஒன்றுமில்லை. மிதமான தீ, கை ஓயாத கிளறல், 12 முதல் 15 நிமிடம். கொட்டை முதலில் மஞ்சளாகி வைக்கோல் வாசம் வரும், பிறகு பழுப்பேறும். கொட்டையின் சூடு 200 டிகிரியை ஒட்டி வரும்போது சோளம் பொரிவதுபோல் முதல் வெடிப்பு கேட்கும். இன்னும் விட்டால், 225 டிகிரி வாக்கில், தணலில் கல்லுப்பு போட்ட மாதிரி சன்னமான இரண்டாம் வெடிப்பு. எஸ்பிரெசோவுக்கு இரண்டாவது தொடங்கப்போகிறது என்கிற இடத்தில் இறக்குங்கள். இறக்கிய பிறகும் உள்சூட்டில் நிறம் ஏறும் என்பதால், உடனே சல்லடையில் கொட்டி மின்விசிறிக்கு நேரே குலுக்க வேண்டும். தோல் வீடெல்லாம் பறக்கும். பால்கனிதான் இதற்கு இடம். புகை வேறு. முதல் தடவை எங்கள் அடுக்ககத்தில் மேல்வீட்டு மாமி என்ன தீயுது என்று கேட்டுக்கொண்டே இறங்கி வந்துவிட்டார்.

வாணலியின் குறை, சீரின்மை. தட்டையான பக்கம் படுத்தே கிடந்து கருகும், முதுகு வெளிறி நிற்கும். இதற்கு ஒரு சுலபமான பரிகாரம் பீபெர்ரி. பழத்துக்குள் இரண்டு கொட்டைக்குப் பதில் ஒன்றே விளைந்து உருண்டுபோனது அது. வாணலியில் உருண்டுகொண்டே வேகும். பிளாண்டேஷன் ஏ என்கிற தட்டைக் கொட்டை ரகம் பிடித்தவர்கள் பழகிய பிறகு அதற்குப் போகலாம். திக்கான நுரை வேண்டுமானால் ரொபஸ்டா கால் பங்கு சேருங்கள். அரபிகாவைவிட அதில் காஃபீன் ஏறக்குறைய இரு மடங்கு. ராத்திரித் தூக்கம் உங்கள் பொறுப்பு.

பாப்கார்ன் பொரிக்கும் சூடுகாற்று மெஷினில் 80, 90 கிராம்தான் கொள்ளும், ஆனால் நிறம் அழகாக ஒன்றுபோல் வரும். சூடான காற்று பக்கவாட்டிலிருந்து வரும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். அடியில் வலை வைத்ததில் தோல் விழுந்து தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. ஐந்தாறு நிமிடத்தில் முடிந்துவிடும் அவசர வறுவல் இது. காபியில் புளிப்பு தூக்கலாக நிற்கும். கறுப்பாகக் குடிப்பவர்களுக்குப் பிடிக்கும், பாலில் எடுபடாது. மின்சார உருளை வறுப்பான் மூன்றாவது வழி. விலை பல்லாயிரங்களில். சூட்டையும் நேரத்தையும் குறித்துவைத்து அடுத்த ஈட்டையும் அதேபோல் எடுக்கலாம் என்பதற்குத்தான் அந்தக் காசு.

இனி இறக்குவது. மோகா பாட் என்கிற அலுமினியக் குடுவையை இத்தாலிக்காரர் அல்ஃபோன்சோ பியாலெட்டி 1933-இல் சந்தைக்குக் கொண்டுவந்தார். அடியில் கொதிக்கும் நீரின் ஆவி, நீரைத் தூளுக்குள் தள்ளி மேலேற்றும். அழுத்தம் ஒன்று, இரண்டு பார். இது எஸ்பிரெசோ இல்லை என்று மூக்கைச் சுளிப்பவர்கள் உண்டு. ஆனால் இரண்டாம் உலகப்போருக்கு முன் இத்தாலியின் கடைகளில் ஆவி மெஷின்கள் கொடுத்ததும் கிட்டத்தட்ட இந்த அழுத்தத்தில்தான். 1940-களின் கடைசியில் அக்கில்லே காஜ்ஜியாவின் நெம்புகோல் மெஷின் வந்து, எட்டு ஒன்பது பார் அழுத்தம் கிடைத்த பிறகே அந்தப் பொன்னிற நுரை தலைகாட்டியது. நுரைக்கு ஏங்காதவர்களுக்கு, பால் விட்டுக் குடிப்பவர்களுக்கு, மோகா தாராளம். அரவை கொஞ்சம் முன்பின் இருந்தாலும் அது பொறுத்துக்கொள்ளும்.

கைநெம்புகோல் கருவியில் கெட்டிலில் காய்ச்சிய நீரை ஊற்றி நாமே அழுத்த வேண்டும். ஒன்பது பார் வரை கையாலேயே போகலாம். வீட்டில் வறுப்பவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது இதைத்தான். அரவை கொஞ்சம் கரகரப்பாகிவிட்டால் நெம்புகோல் லேசாக இறங்குவது கைக்குத் தெரியும். அழுத்தத்தைக் குறைத்து ஷாட்டைத் தேற்றிவிடலாம். பம்ப் மெஷினுக்கு அந்த இரக்கம் கிடையாது. நெம்புகோலுக்குக் கரண்ட் போனாலும் பாதகமில்லை, அடுப்பில் வெந்நீர் இருந்தால் சரி. காலையில் நாலு பேருக்குக் காபி போடும் வீட்டுக்கு மட்டும் இது உதவாது. நாலாவது டம்ளருக்குள் தோள் வலிக்கும்.

பம்ப் மெஷின் வாங்கும்போது பெட்டியில் 15 பார் என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அது பம்ப் தரக்கூடிய உச்சம். தூளுக்கு வேண்டியது ஒன்பது. விலை குறைந்தவற்றில் தூள் போடும் கூடைக்கு இரட்டை அடித்தட்டும் ஒற்றை ஊசித்துளையும் இருக்கும். எந்தத் தூளைப் போட்டாலும் நுரை பொங்கும், சுவை பொங்காது. சாதாரணக் கூடையும் கிடைக்குமா என்று கேட்டு வாங்குங்கள். பல மெஷின்கள் 1,400 வாட்டுக்கு மேல் இழுக்கும் என்பதால் 16 ஆம்ப் பிளக் வேண்டும். போர்த் தண்ணீர் ஊற்றினால் உள்ளே உப்புப் படியும். சிக்கரி கலந்த ஃபில்டர் தூளை மறந்தும் போடாதீர்கள்.

மெஷினைவிட அரவைதான் பெரிது. மிக்ஸி பாதியைப் பொடியாக்கும், பாதியை ரவையாக்கும். ஃபில்டரே அதற்குத் தகராறு செய்யும். எஃகுப் பற்சக்கரம் வைத்த நல்ல கை கிரைண்டருக்கு முதலில் செலவழியுங்கள். 18 கிராம் தூளுக்கு 36 கிராம் காபி, 25 முதல் 30 நொடிக்குள் இறங்க வேண்டும். சீக்கிரம் இறங்கிப் புளித்தால் இன்னும் நைசாக, சொட்டுச் சொட்டாக வந்து கசந்தால் கொஞ்சம் கரகரப்பாக அரையுங்கள்.

ஆக, வாணலி இருந்தால் மோகா. பாப்கார்ன் மெஷினோ, கை தேர்ந்த வாணலியோ இருந்தால் நெம்புகோல். பம்ப் மெஷின்தான் வேண்டுமென்றால் உருளை வறுப்பானோடு வாங்குங்கள். அதற்குக் கட்டுப்படியாகாவிட்டால் வறுத்த கொட்டையைக் கடையில் வாங்கிக்கொண்டு மெஷினை மட்டும் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், அதில் கௌரவக் குறைச்சல் இல்லை. வாணலியும் பம்ப்பும்தான் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. ஒரே உட்காரலில் மூன்று ஈடு வறுத்து ஒன்றாகக் கலந்துவிடுங்கள். அரைக் கிலோ ஒரே குணத்துக்கு வரும், அரவையும் ஒரு தடவை பிடித்தால் போதும்.

அன்றைக்கே மட்டும் அரைக்காதீர்கள். வறுத்த கொட்டையிலிருந்து கரியமில வாயு வெளியேறிக்கொண்டே இருக்கும். புதுசாகப் போட்டால் ஷாட் சோப்பு நுரையாகச் சீறும். டிக்காஷனுக்கு மறுநாளே போடலாம். எஸ்பிரெசோவுக்கு ஒரு வாரம் டப்பாவில் கிடக்கட்டும்.